தகுதி பார்த்துப் பரிமாறும் பந்தி அல்ல: திடப்படுத்தல் பெறும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிகளே, தங்கைகளே,

இன்னும் சில வாரங்களில் பேராயர் உங்கள் தலைமேல் கை வைத்து ஜெபிப்பார். அன்றே முதன்முறையாகத் திருவிருந்தில் பங்கு பெறுவீர்கள். பத்துக் கட்டளைகளும் விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். வெள்ளை உடை தைக்கக் கொடுத்திருப்பீர்கள். ஆனால் வகுப்பு முடிந்து மற்றவர்கள் கலைந்த பிறகு, உங்களில் சிலர் தயங்கித் தயங்கி வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “திருவிருந்து வாங்க எனக்குத் தகுதி இருக்கிறதா?”

ஒருவருக்குத் தினமும் வேதம் வாசிக்க முடியவில்லையே என்ற கவலை. ஒருவருக்குக் கைப்பேசியில் பார்த்ததை நினைத்து வெட்கம். இன்னொருவர் அப்பாவோடு பேச்சை நிறுத்திப் பல மாதம் ஆகிறது. இந்த நிலையில் அப்பத்தை வாங்கினால் கடவுள் தண்டித்துவிடுவாரோ என்று பயம். இதே பயம் உங்கள் பெற்றோரிடமும், திருவிருந்து நேரத்தில் பின்வரிசையிலிருந்து மெதுவாக எழுந்து வெளியே போய்விடும் பெரியவர்களிடமும் இருக்கிறது. அதனால்தான் உங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லாமல், சபை முழுவதும் வாசிக்கும்படி இதை எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தகுதி இல்லை. எனக்கும் இல்லை. உங்கள் தலையில் கை வைக்கப்போகும் பேராயருக்கும் இல்லை. திருவிருந்துக்கு முன் சபையாக நாம் சொல்லும் ஜெபத்தைக் கவனித்துப் பாருங்கள். எங்கள் நீதியை நம்பி வரவில்லை, உமது இரக்கத்தை நம்பி வருகிறோம் என்பதே அந்த ஜெபத்தின் பொருள். தகுதி இல்லாதவர்கள் வருவதற்காகவே இந்தப் பந்தி போடப்பட்டிருக்கிறது. இரட்சிப்பும் அப்படித்தான். அது நாம் சம்பாதிப்பது அல்ல, கிறிஸ்துவின் நிமித்தம் கடவுள் இலவசமாகத் தருவது. நாம் செய்வதெல்லாம் கையை நீட்டி வாங்கிக்கொள்வதுதான். அந்த நீட்டிய கைக்குத்தான் விசுவாசம் என்று பெயர்.

உங்களுக்கு முன் இதே கேள்வியோடு போராடியவர் ஒருவர் உண்டு. 1505ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜெர்மனியின் ஸ்டோட்டர்ன்ஹைம் என்ற ஊருக்கு அருகே 21 வயது சட்ட மாணவர் ஒருவர் இடிமழையில் சிக்கினார். உயிர் பிழைத்தால் துறவியாகிறேன் என்று புனித அன்னாளிடம் நேர்ந்துகொண்டார். சொன்னபடியே இரண்டு வாரத்தில் எர்ஃபுர்ட் நகரத்து அகுஸ்தினார் மடத்தில் சேர்ந்தார். அவர்தான் மார்ட்டின் லுத்தர். மடத்தின் விதிகள் போதாதென்று அவராகவே உபவாசத்தைக் கூட்டினார், இரவெல்லாம் விழித்து ஜெபித்தார், குளிரில் போர்வையின்றிக் கிடந்தார். பாவ அறிக்கை செய்ய உட்கார்ந்தால் மணிக்கணக்காகும். முடித்துவிட்டுப் போவார், மறந்துபோன ஒரு பாவம் நினைவுக்கு வரும், மறுபடியும் திரும்பி வருவார். அவருடைய ஆன்மிக வழிகாட்டி யோஹான் ஃபான் ஸ்டௌபிட்ஸ், உன்னையே பார்த்துக்கொண்டிராதே, சிலுவையில் தொங்குகிறவரைப் பார் என்று அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

லுத்தரைத் தின்றுகொண்டிருந்த கேள்வி ‘இது போதுமா?’ என்பதுதான். எவ்வளவு செய்தாலும் அதற்கு ‘போதும்’ என்ற பதில் வராது, ஏனென்றால் செய்கிறவரின் மனசாட்சிதான் அளக்கிறது. மனசாட்சி நேர்மையானதாக இருந்தால் ஒருபோதும் திருப்தியடையாது. பிறகு விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் சங்கீதங்களையும் ரோமர் நிருபத்தையும் கற்பித்த ஆண்டுகளில் அவருக்குக் கதவு திறந்தது. கடவுளுடைய நீதி என்றால் நம்மை அளந்து தண்டிக்கும் கோல் என்று பயந்துகொண்டிருந்தவர், கிறிஸ்துவை விசுவாசிக்கிறவருக்குக் கடவுள் தம்முடைய நீதியையே கொடுத்துவிடுகிறார் என்று ரோமர் முதல் அதிகாரத்தில் கண்டார். 1517 அக்டோபர் 31இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து அவர் 95 கருத்துரைகளை வெளியிட்டதற்குக் காரணம் இந்தத் தவிப்புதான். ரோமில் பேதுரு பேராலயம் கட்ட ஏழைகளிடம் சீட்டு விற்றுப் பணம் திரட்டினார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு விலை வைப்பதை அவரால் சகிக்க முடியவில்லை.

இருநூறு ஆண்டு கழித்து இங்கிலாந்தில் இன்னொருவர். ஜான் வெஸ்லி ஆக்ஸ்ஃபோர்டில் நண்பர்களோடு சேர்ந்து புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்தார், சிறைக்கைதிகளைச் சந்தித்தார், கையில் இருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார். பிறகு கடல் கடந்து அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியத்துக்குப் போனார். அந்தக் கப்பல் பயணத்தில் புயல் அடித்தபோது அவர் நடுங்கினார். உடன் வந்த மொராவிய விசுவாசிகளோ குழந்தைகுட்டிகளோடு அமைதியாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். தன்னிடம் இல்லாத ஏதோ ஒன்று அவர்களிடம் இருப்பதை அவர் உணர்ந்தார். ஊர் திரும்பி, 1738 மே 24 அன்று மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்துக்கு விருப்பமில்லாமல்தான் போனார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். தன் பாவங்களைக் கிறிஸ்து சுமந்து தீர்த்துவிட்டார், அவர் ஒருவரையே நம்பினால் போதும் என்ற நிச்சயம் அன்றைக்குத்தான் வெஸ்லியின் நெஞ்சில் இறங்கியது.

இந்த இருவரும் முயற்சி போதாமல் தோற்றவர்கள் அல்லர். நம்மில் யாரும் செய்யத் துணியாத அளவுக்குச் செய்து பார்த்தவர்கள். அந்த வழியில் சமாதானம் இல்லை என்று அவர்கள் சொன்னால் நம்பலாம்.

அப்போஸ்தலனாகிய பவுலும் இதையே சொன்னார். பிலிப்பியர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் அவர் தன் பெருமைகளை வரிசையாக அடுக்குவார். எட்டாம் நாளில் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், பரிசேயர் என்ற நிலை, நியாயப்பிரமாணத்தில் குற்றம் காண முடியாத வாழ்க்கை. அத்தனையையும் அடுக்கிவிட்டு, கிறிஸ்துவின் நிமித்தம் எல்லாவற்றையும் நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டார். நம் குடும்பங்களிலும் இப்படிப் பட்டியல் உண்டு. நான்கு தலைமுறைக் கிறிஸ்தவர்கள், தாத்தா உபதேசியார், ஆலயத்துக்கு மணி வாங்கிக் கொடுத்த குடும்பம் என்று சொல்லிக்கொள்கிறோம். நல்ல பாரம்பரியத்துக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் அதைக் கடவுளிடம் பரிந்துரைக் கடிதமாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

“சரி, விசுவாசமாவது எனக்குப் போதுமான அளவு இருக்கிறதா?” என்று அடுத்து கேட்பீர்கள். விசுவாசத்தையும் ஒரு மதிப்பெண்ணாக மாற்றிவிட்டால் லுத்தரின் பழைய மடத்துக்கே திரும்பிப் போய்விடுவோம். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில், நோயுற்ற மகனைக் கொண்டுவந்த தகப்பன் தன் விசுவாசத்தோடு அவிசுவாசமும் கலந்திருக்கிறது என்று இயேசுவிடமே ஒத்துக்கொள்கிறான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, மகனைக் குணமாக்கினார். சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய கள்வனுக்கு ஞானஸ்நானம் பெற நேரமில்லை, காணிக்கை கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை, திருந்தி வாழ்ந்து காட்ட ஒரு நாள்கூட மிச்சமில்லை. என்னை நினைத்தருளும் என்று கேட்டான், அவ்வளவுதான். அன்றைக்கே பரதீசு அவனுக்கு வாக்களிக்கப்பட்டது. காப்பாற்றுகிறவர் கிறிஸ்து. நம் பிடி எவ்வளவு உறுதி என்பதை அவர் கணக்குப் பார்ப்பதில்லை.

இதை ஏற்றுக்கொள்வது நம் ஊரில் இன்னும் கொஞ்சம் கடினம். நம் கல்யாண வீடுகளில் வாசலில் மேசை போட்டு மொய் நோட்டு எழுதுகிறோம். இன்றைக்கு வாங்கியதை நாளை அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் உறவு கசந்துவிடும். கடவுளிடமும் அப்படியொரு நோட்டு இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறோம். ஞாயிறு ஆராதனை, தசமபாகம், லெந்து கால உபவாசம் எல்லாவற்றையும் அந்த நோட்டில் எழுதச் சொல்லி நீட்டுகிறோம். நமக்கு விரோதமான கடன் சீட்டைக் கடவுள் கிழித்துப்போடவில்லை, இன்னும் வைத்திருக்கிறார் என்ற சந்தேகம்தான் இதற்கு அடிப்படை. கொலோசெயர் நிருபமோ, அந்தக் கடன் சீட்டு சிலுவையில் ஆணியடிக்கப்பட்டு ரத்தாகிவிட்டது என்கிறது. ரத்தான கடனுக்கு யாரும் தவணை கட்டுவதில்லை.

அப்படியானால் நற்செய்கைகள் எதற்கு? உங்கள் வகுப்பில் புத்திசாலியான ஒருவர் இதைக் கேட்காமல் இருக்கமாட்டார். கேட்கத்தான் வேண்டும். யாக்கோபு தம் நிருபத்தில், உடையில்லாத சகோதரனிடம் வெறும் வார்த்தையால் ஆறுதல் சொல்லி அனுப்புகிறவனுடைய விசுவாசம் செத்தது என்று கடுமையாகவே சொல்கிறார். இது பவுலுக்கு முரணா? ஆபிரகாமின் வாழ்க்கை வரிசையைப் பாருங்கள். ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் அவன் வாக்குறுதியை விசுவாசிக்கிறான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்படுகிறது. அப்போது விருத்தசேதனம்கூட இல்லை, அது 17ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. ஈசாக்கைப் பலிபீடத்துக்குக் கொண்டுபோனது 22ஆம் அதிகாரத்தில். பவுல் 15ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார், அங்கேதான் ஆபிரகாம் ஏற்றுக்கொள்ளப்பட்டான். யாக்கோபு 22ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார், அந்த விசுவாசம் உயிருள்ளது என்று அங்கேதான் தெரிந்தது. எபேசியர் இரண்டாம் அதிகாரம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. கிரியைகளினால் அல்ல, கிருபையினாலே இரட்சிக்கப்பட்டோம். இரட்சிக்கப்பட்டது நற்கிரியைகளைச் செய்வதற்காக. இந்த வரிசையை மாற்றினால் சுவிசேஷமே மாறிவிடும்.

வரிசை மாறுவதால் வரும் கேடு என்ன என்பதை 1520இல் கிறிஸ்தவனின் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய நூலில் லுத்தர் விளக்கினார். இரட்சிப்புக்காக நற்செய்கை செய்கிறவன் கடைசியில் தன் நன்மையைத்தான் தேடுகிறான். விசுவாசத்தினால் எல்லாம் கிடைத்துவிட்டவனுக்குத் தனக்கென்று தேட ஒன்றுமில்லை, ஆகவே அவன் அயலானுக்காக வாழலாம். யோசித்துப் பாருங்கள். பயத்தில் செய்யும் தருமத்தில் பசித்தவனின் முகம் நமக்குத் தெரியாது, நம் கணக்குத்தான் தெரியும். மத்தேயு 25ஆம் அதிகாரத்து நியாயத்தீர்ப்பில், பசித்தவருக்கு உணவும் தாகித்தவருக்குத் தண்ணீரும் கொடுத்த நீதிமான்கள், நாங்கள் எப்போது அப்படிச் செய்தோம் என்று ஆச்சரியப்படுகிறார்கள். அவர்கள் கணக்கு வைக்கவே இல்லை.

வெஸ்லியும் ஆல்டர்ஸ்கேட் அனுபவத்துக்குப் பிறகு ஓய்ந்து உட்காரவில்லை. ஆலயத்துக்குள் வராத சுரங்கத் தொழிலாளர்களைத் தேடித் திறந்த வெளியில் பிரசங்கித்தார். 1791இல் சாவதற்குச் சில நாள் முன் அவர் எழுதிய கடைசிக் கடிதம், அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸை ஊக்கப்படுத்தும் கடிதம். இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1931-32 குளிர்காலத்தில் பெர்லினில் ஏழைத் தொழிலாளர் குடும்பப் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பு எடுத்தார் ஓர் இளம் போதகர். அந்தப் பிள்ளைகளோடு பழகுவதற்காக அவர்கள் வசித்த பகுதிக்கே குடிபெயர்ந்தார். டீட்ரிஷ் போன்ஹோஃபர் என்ற அந்த லுத்தரன் போதகர்தான் பிற்பாடு, கீழ்ப்படிதலைக் கேட்காத கிருபையை ‘மலிவான கிருபை’ என்று கண்டித்து எழுதினார். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். இலவசமாகப் பெற்றவர்கள் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதற்கு இவர்கள் சாட்சி.

இப்போது உங்களைப் பயமுறுத்தும் அந்த வேதபகுதிக்கு வருகிறேன். திருவிருந்தை அபாத்திரமாய் வாங்குகிறவர்களைப் பற்றி 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. அந்த ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நடுங்காமல் அதிகாரத்தை மேலே இருந்து வாசியுங்கள். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்தார்கள். ஏழைகள் பசியோடு நின்றார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கொதித்தது அதற்காக. தன் பாவத்துக்காக அழுதுகொண்டு வருகிறவரை அவர் தடுக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கீழாகப் பார்த்துக்கொண்டு பந்தியில் உட்காருகிறவரைத்தான் தடுத்தார்.

கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தையும் இதோடு சேர்த்து வாசியுங்கள். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுவந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை எதிர்த்து நின்றார். மனிதர் நீதிமானாக்கப்படுவது கிரியையினால் அல்ல, இயேசு கிறிஸ்துவை விசுவாசிப்பதினால் என்று அவர் அந்த நிருபத்தில் எழுதுவது இந்தப் பந்தித் தகராறைச் சொன்ன கையோடுதான். நம் சபையின் ஆணிவேரான போதனை, யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற சண்டையில் வைத்து எழுதப்பட்டது என்பதை மறக்காதீர்கள்.

தமிழ்நாட்டுச் சபைகளுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 1706இல் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கி, விசுவாசத்தினால் வரும் இரட்சிப்பைத் தமிழில் பிரசங்கித்தார். அந்தப் பிரசங்கத்தைக் கேட்டு உருவான சபைகளிலேயே சாதிவாரியாக உட்கார்ந்தார்கள், திருவிருந்து வாங்குவதிலும் முந்தியவர் பிந்தியவர் என்று வரிசை பார்த்தார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபைக்குள் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். இன்றும் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கும் ஊர்கள் இருக்கின்றன. வரன் பார்க்கும்போது ஞானஸ்நானத்துக்கு முன் சாதியைக் கேட்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கிருபையினால் இரட்சிக்கப்பட்டேன் என்று பாடிவிட்டுப் பிறப்பினால் உயர்ந்தவன் என்று நினைக்கிறவர், கிறிஸ்து வீணாக மரித்தார் என்று சொல்லாமல் சொல்கிறார்.

இன்னொரு எச்சரிக்கை. காணிக்கையை விதையாக விதைத்தால் வேலையும் வீடும் விசாவும் அறுவடையாகும் என்று சிலர் மேடையில் முழங்குவதைக் கேட்பீர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் சீமோன் என்ற மாயவித்தைக்காரன் கடவுளின் வரத்தை வாங்கப் பணம் கொண்டுவந்தான். பேதுரு அவனுக்குச் சொன்ன பதிலை வாசித்து வைத்துக்கொள்ளுங்கள். நன்றியினால் கொடுங்கள், ஏழைகளுக்குக் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கடன் வாங்கிக் காணிக்கை போட்டு, ஆசீர்வாதம் வரவில்லையே, என் விசுவாசம் சரியில்லையோ என்று உங்கள் அம்மா அழுதால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கிருபையைப் பற்றிச் சொல்லுங்கள்.

கத்தோலிக்க நண்பர்களிடம் இதை வைத்து வாதம் செய்யவும் போகாதீர்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் குறித்து ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய எந்தப் புண்ணியத்தினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் இரட்சிப்பின் செயலில் வைக்கும் விசுவாசத்தினால் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு தரப்பும் சேர்ந்து அறிக்கை செய்தன. மெதடிஸ்டுகள் 2006இலும் சீர்திருத்தச் சபைகள் 2017இலும் அதில் இணைந்தார்கள். வேறுபாடுகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் இந்த இலவச ஈவு எந்த ஒரு சபைக்கும் சொந்தச் சொத்து அல்ல என்பது தெளிவாகிவிட்டது.

ஆகவே பிள்ளைகளே, அந்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பேசாமல் இருக்கும் அப்பாவிடம் முந்தின நாளே போய்ப் பேசுங்கள். திருவிருந்துக்கு அது கட்டணம் இல்லை. மன்னிக்கப்பட்டவர்களால் மன்னிக்க முடியும் என்பதற்காகச் செய்யுங்கள். செய்த பாவத்தைக் கடவுளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பேராயர் கை வைக்கும்போது, உங்கள் பக்கத்தில் முழங்காற்படியிட்டிருப்பவர் எந்தத் தெரு, எந்தப் பள்ளி, யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காதீர்கள். பிற்காலத்தில் உங்களில் யாராவது ஆயராகவோ உபதேசியாராகவோ ஞாயிறு பள்ளி ஆசிரியராகவோ ஆனால், கடவுளின் பெயரால் எந்தக் குழந்தையையும் பயமுறுத்த மாட்டேன் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தகுதி இல்லை என்று பின்வரிசையில் தயங்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த மடலைக் கொடுத்து அவரையும் அழைத்து வாருங்கள். நம் எல்லாருக்கும் போதுமானதைக் கிறிஸ்து செய்து முடித்துவிட்டார்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் திடப்படுத்தல் வகுப்பு ஆசிரியர்